படத்திருத்த மென்பொருள் நிறுத்தப்பட்டால்: படங்களையும் உழைப்பையும் இழக்காமல் இடம் மாறும் முறை

பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த படத்திருத்த மென்பொருள் இனி வெளிவராது, அதற்குப் பதிலாக வேறொன்று தரப்படும் என்ற அறிவிப்பைப் படித்ததும், இத்துறைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அன்றைக்கே கைக்குக் கிடைத்த மாற்று மென்பொருளை நிறுவி, எல்லாப் படங்களையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். மற்றவர்கள், இப்போது நன்றாகத்தானே இயங்குகிறது என்று அறிவிப்பையே மறந்துவிடுகிறார்கள். முதலாமவர்கள் தாங்கள் செய்துவைத்த திருத்தங்களை இழக்கிறார்கள். இரண்டாமவர்கள் சில ஆண்டுகள் கழித்துப் புதிய கணினி வாங்கும் நாளில், பழைய மென்பொருள் திறக்கவே மறுக்கும்போது அதே இழப்பைச் சந்திக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், அவசரப்படாமலும் ஆறப்போடாமலும் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த வரிசை பொருந்தும்.

முதலில் அறிவிப்பை முழுவதும் படியுங்கள்

"நிறுத்தப்படுகிறது" என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறுபட்ட நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. விற்பனை நிற்பது ஒன்று. புதிய பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் நிற்பது இன்னொன்று. உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வர் மூடப்படுவது மூன்றாவது. இயங்குதளம் மாறி அந்த மென்பொருளையே ஏற்க மறுப்பது நான்காவது. இணையத்தில் இயங்கும் சேவையாக இருந்தால், சேமித்துவைத்த படங்களே அழிக்கப்படும் நாள் என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. உங்கள் அறிவிப்பு இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறது, எந்தத் தேதியில் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

கடந்தகால நிகழ்வுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அப்பர்ச்சர் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014 ஜூன் மாதம் அறிவித்தது. 2015 ஏப்ரலில் அதற்குப் பதிலாக ஃபோட்டோஸ் வந்தபோது அதன் விற்பனை நின்றது. ஆனால் 2019 அக்டோபரில் மேக்ஓஎஸ் கேட்டலீனா வெளிவந்த பிறகுதான், அந்த இயங்குதளத்தில் அது இயங்காமற்போனது. அறிவிப்புக்கும் உண்மையான முடிவுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. கூகுள் நிறுவனம் பிக்காசாவின் முடிவை 2016 பிப்ரவரி 12 அன்று அறிவித்து, கணினிப் பதிப்புக்கான ஆதரவை மார்ச் 15 அன்றே நிறுத்தியது. அவகாசம் ஒரு மாதம்தான் என்றாலும், ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களின் கணினியில் அது தொடர்ந்து இயங்கியது. உலாவியில் இயங்கிய பிக்னிக் திருத்தியின் கதை வேறு: 2012 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, ஏப்ரல் 19 அன்று சேவையே மூடப்பட்டது. நம் கணினியில் நிறுவிய மென்பொருள் மெல்ல மெல்லத்தான் போகும். இணையத்தில் இருப்பது குறித்த நாளில் ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே உங்களுடையது இணையச் சேவை என்றால், கீழே சொல்லப்படும் வேலைகளில் படங்களைக் கணினிக்கு இறக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு மென்பொருளும் நிற்பதற்கு முன்னாலேயே அதன் ஓர் உறுப்பு மட்டும் நின்றுபோவதும் உண்டு. அடோபி லைட்ரூம் 6 சந்தா இல்லாமல் ஒரே தடவையில் வாங்கக்கூடியதாக இருந்த கடைசிப் பதிப்பு. அதற்கான இறுதி மேம்பாடு 2017 டிசம்பரில் வந்தது. படங்கள் எடுக்கப்பட்ட இடங்களை வரைபடத்தில் காட்டும் அதன் பகுதி, கூகுள் வரைபடச் சேவையை நம்பியிருந்த காரணத்தால், 2018 நவம்பர் 30க்குப் பிறகு வேலை செய்யவில்லை; மற்றப் பகுதிகள் வழக்கம்போல் இயங்கின. உங்கள் மென்பொருளில் இணையத் தொடர்பு தேவைப்படும் பகுதிகள் எவை என்று பார்த்துவைத்தால், எது முதலில் நிற்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம்.

உங்களிடம் இருப்பவை மூன்று

புதியவர்கள் பலரும் "என் படங்கள்" என்று ஒரே பொருளைப்போல் பேசுகிறார்கள். உண்மையில் மென்பொருளுக்குள் இருப்பவை மூன்று வெவ்வேறு பொருள்கள். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்புகள் ஒன்று. அவற்றைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்புகள் இரண்டாவது: தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், நட்சத்திர மதிப்பீடு, முகங்களுக்கு இட்ட பெயர், ஆல்பம் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, நீங்கள் செய்த திருத்தங்கள். மூலக்கோப்புகளுக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை. குறிப்புகளை முயன்றால் முக்காலே மூன்று வீசம் காப்பாற்றிவிடலாம். திருத்தங்களை அப்படியே கொண்டுசெல்வது ஏறத்தாழ இயலாத செயல். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் எஞ்சிய வேலை அனைத்தும் எளிதாகும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இன்றைய படத்திருத்த மென்பொருள்களில் பெரும்பாலானவை மூலக்கோப்பைத் தொடுவதில்லை. நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டி, நிழலைத் திறந்து, ஓரத்தை வெட்டினாலும், "இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு" என்ற கட்டளைகள் மட்டும் வேறோர் இடத்தில் எழுதிவைக்கப்படுகின்றன. திரையில் படத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தக் கட்டளைகளைப் படித்து, மூலக்கோப்பின் மீது அவற்றைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. மென்பொருள் இல்லாவிட்டால் கணக்கிட ஆள் இல்லை; கட்டளைகள் எழுதப்பட்ட கோப்பு மட்டும் படிப்பாரற்றுக் கிடக்கும். அந்தக் கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். லைட்ரூம் கிளாசிக் அவற்றைக் கேட்டலாக் என்ற ஒரே தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. அப்பர்ச்சர் தன் நூலகத்துக்குள் வைத்தது; பலர் தங்கள் மூலக்கோப்புகளையும் அந்த நூலகத்துக்குள்ளேயே விட்டிருந்தார்கள். பிக்காசா ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு எழுத்துக்கோப்பை வைத்து அதில் எழுதியது. "சேமி" என்று சொன்னால் திருத்திய படத்தைப் பழைய பெயரிலேயே எழுதிவிட்டு, மூலத்தை ஒரு மறைவான கோப்புறைக்கு நகர்த்தியது. இந்தக் கடைசிச் செய்தி தெரியாமல், மறைவான கோப்புறைகளை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் நகலெடுத்தவர்கள் மூலங்களைத் தவறவிட்டார்கள். ஆகவே எதையும் நகர்த்துவதற்கு முன், கோப்பு மேலாளரில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மென்பொருளை அப்படியே நிறுத்திவையுங்கள்

அடுத்த வேலை எதையும் மாற்றாமலிருப்பது. இயங்குதளத்தை மேம்படுத்தச் சொல்லி வரும் அழைப்பை, இடமாற்றம் முடியும்வரை ஏற்காதீர்கள். மென்பொருளை நிறுவும் கோப்பு இன்னும் இறக்கக் கிடைத்தால், அதன் கடைசிப் பதிப்பை இறக்கி, உரிம எண்ணோடு சேர்த்து ஒரே கோப்புறையில் வையுங்கள். விற்பனை நின்ற பிறகு இந்த இறக்கப் பக்கங்கள் அமைதியாக மறைந்துவிடும். உரிமத்தை இணையம் வழியாகச் சரிபார்க்கும் மென்பொருளானால், அந்த சர்வர் எந்த நாள் வரை இயங்கும் என்று உற்பத்தியாளரிடமே எழுதிக் கேளுங்கள். அடோபி, ஃபோட்டோஷாப் அடங்கிய கிரியேட்டிவ் சூட் 2 என்ற பழைய தொகுப்புக்கான சர்வரை மூடியபோது, ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்குச் சரிபார்ப்புத் தேவைப்படாத பதிப்பொன்றைக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. நான் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிய சிறிய திருத்தி ஒன்று, கணினியை மாற்றியபோது உரிமத்தை ஏற்கவில்லை; அதை உருவாக்கியவர்களின் தளமே அப்போது இல்லை. இரண்டு ஆண்டுகளாக அதில் செய்த வேலையை, பழைய கணினியின் பழுதான திரையை மாற்றி மீட்டெடுக்க வேண்டியிருந்தது. கணினி மாற்றத்தையும் மென்பொருள் மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்யக்கூடாது என்று அழுத்திச் சொல்வது அந்த அனுபவத்தால்தான்.

பின்பு காப்புப்பிரதி எடுங்கள். படங்கள், கேட்டலாக் அல்லது நூலகக் கோப்பு, மென்பொருளின் அமைப்புகள், நீங்கள் உருவாக்கிய முன்னமைவுகள் (ஒரே சொடுக்கில் இடுவதற்காகச் சேமித்துவைத்த திருத்தத் தொகுப்புகள்) எல்லாமே அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வெளி வன்தட்டிலும், மற்றொன்று வேறோர் இடத்திலும் இருப்பது நல்லது. எடுத்த பிரதியைத் திறந்து பார்க்காதவரை அது காப்புப்பிரதி அல்ல. குறைந்தது ஒரு கோப்புறையையாவது அதிலிருந்து மீட்டு, படங்கள் திறக்கின்றனவா, எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எழுதிய குறிப்புகளைக் கோப்புக்குள் எழுதவையுங்கள்

மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும் குறிப்புகள் அதனோடேயே போய்விடும். கோப்புக்குள்ளோ அதன் பக்கத்திலோ எழுதப்பட்டவை பிழைக்கும். இதற்கென்றே அடோபி 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்ற பொது முறை இருக்கிறது. 2012இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. ஜேபெக், டிஃப், டிஎன்ஜி ஆகிய வடிவங்களில் உள்ள படக்கோப்புகளில் இக்குறிப்புகள் உள்ளேயே எழுதப்படும். ரா கோப்பின், அதாவது கேமரா பதிவுசெய்த தரவைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பின், உட்பகுதியை மென்பொருள்கள் தொட விரும்புவதில்லை என்பதால், அதே பெயரில் ஒரு சிறிய துணைக்கோப்பு பக்கத்தில் உருவாக்கப்படும். உங்கள் மென்பொருளில் "குறிப்புகளைக் கோப்பில் சேமி" என்ற பொருளில் ஒரு கட்டளை இருக்கும். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து அதை ஒருமுறை இயக்குங்கள். படங்களின் எண்ணிக்கை பல ஆயிரமானால் இது சில மணிநேரம் எடுக்கலாம். இடையில் கணினியை நிறுத்தாதீர்கள்.

இந்த முறையில் எல்லாமே போய்ச்சேர்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்பு, விளக்கம், குறிச்சொல், நட்சத்திரம், பதிப்புரிமை வரி ஆகியவை நன்றாகவே போகும். ஆல்பம் அல்லது தொகுப்பு என்பது படத்தின் பண்பு அன்று. மென்பொருள் வைத்திருக்கும் பட்டியல் மட்டுமே, ஆகவே அது போகாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆல்பத்தையும் திறந்து, அதிலுள்ள படங்கள் எல்லாவற்றுக்கும் "ஆல்பம்" என்ற முன்னொட்டோடு ஆல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாக இட்டுவிடுங்கள். புதிய மென்பொருளில் அந்தக் குறிச்சொல்லைத் தேடினால் ஆல்பம் மீண்டும் உருவாகிவிடும். ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு விதமாகத் திருத்தி வைத்திருக்கும் மெய்நிகர் பிரதிகளும் போகா. அவற்றைத் தனிப் படங்களாகவே ஏற்றுமதி செய்தாக வேண்டும். நிற அடையாளங்கள் சற்று ஏமாற்றக்கூடியவை. எக்ஸ்எம்பியில் அவை நிறமாக இல்லாமல் ஒரு சொல்லாகவே எழுதப்படுகின்றன. ஒரு மென்பொருள் ஒரு மொழியிலும் மற்றொன்று வேறு மொழியிலும் அந்தச் சொல்லை எதிர்பார்த்தால், நிறம் தோன்றாது. நிறத்துக்கு முக்கியமான பொருள் ஏதேனும் கொடுத்திருந்தால், அதையும் குறிச்சொல்லாக மாற்றிவிடுங்கள்.

முகப்பெயர்கள்தாம் மீண்டும் உருவாக்க மிகக் கடினமானவை என்பது என் கருத்து. குறிச்சொல்லை மறுபடி இடலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யார் என்பதைச் சொல்லக்கூடியவர் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். பிக்காசாவின் பிற்காலப் பதிப்புகளில் முகப்பெயர்களைக் கோப்புக்குள் எழுதும் விருப்பம் இருந்தது. அது தானாக இயங்காமல், நாமே தேடி இயக்க வேண்டியதாக இருந்தது. அதை இயக்கியவர்களின் பெயர்கள் டிஜிகேம் போன்ற பிற மென்பொருள்களிலும் தோன்றின. உங்கள் மென்பொருளில் அப்படியொரு விருப்பம் இருந்தால் தவறாமல் இயக்குங்கள். இல்லையென்றால், பெயர்களைப் படத்தின் விளக்கப் பகுதியிலேனும் "இடமிருந்து வலமாக" என்று தட்டச்சு செய்துவிடுங்கள். முகத்தைச் சுற்றிய கட்டம் போனாலும் பெயர் நிற்கும்.

இணையச் சேவையிலிருந்து இறக்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில சேவைகள் படத்தை ஒரு கோப்பாகவும், அதன் தேதியையும் விளக்கத்தையும் தனியே ஜேசான் எழுத்துக்கோப்பாகவும் கொடுக்கின்றன. கூகுள் ஃபோட்டோஸ் படங்களை இறக்கும்போது நடப்பது இதுதான். இரண்டையும் பிரிக்காமல் வைத்திருங்கள். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியின் துணையோடு, அந்த எழுத்துக்கோப்புகளில் இருப்பதைப் படங்களுக்குள் எழுதிவிடலாம். "எல்லாம் தானாகவே புதிய சேவைக்கு மாறிவிடும்" என்ற உறுதிமொழியையும் முழுமையாக நம்பவேண்டாம். பிக்காசா வலை ஆல்பங்களிலிருந்த படங்கள் கூகுள் ஃபோட்டோஸுக்கு மாறின. ஆனால் பழைய ஆல்பங்களின் கருத்துகள் போன்றவை ஆல்பம் ஆர்க்கைவ் என்ற தனிப் பக்கத்துக்குச் சென்று, 2023 ஜூலையில் அந்தப் பக்கமும் மூடப்பட்டது.

திருத்தங்களைப் படமாகவே எடுத்துவையுங்கள்

ஒரு மென்பொருளின் திருத்தத்தை இன்னொன்று ஏன் படிக்க முடியாது என்று புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எண் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு என்பதே விடை. ஒரு மென்பொருளில் "நிழல் +20" என்பதற்குப் பின்னால் இருக்கும் சூத்திரம், வேறொன்றில் அதே பெயருள்ள நகர்த்திக்குப் பின்னால் இருப்பதில்லை. வேறு நிறுவனம்கூட வேண்டாம். 2012இல் லைட்ரூம் 4 வந்தபோது, அடோபி தன் கணக்கிடும் முறையையே மாற்றியது. பழைய படங்களின் தோற்றம் மாறிவிடக்கூடாதென்று, பழைய கணக்கையும் மென்பொருளுக்குள் சேர்த்தே வைக்க வேண்டியதாயிற்று. அப்பர்ச்சரிலிருந்து வருபவர்களுக்காக லைட்ரூமில் சேர்க்கப்பட்ட இறக்குமதி வசதியும் குறிச்சொற்கள், மதிப்பீடுகள் போன்றவற்றையே கொண்டுவந்தது. நிற, வெளிச்சத் திருத்தங்களைக் கொண்டுவரவில்லை. எந்த விளம்பரமாவது "உங்கள் திருத்தங்கள் எல்லாவற்றையும் இறக்குமதி செய்வோம்" என்று சொன்னால், பத்துப் படங்களில் சோதித்துப் பார்த்த பிறகே அதை நம்புங்கள்.

ஆகவே வழி ஒன்றுதான்: பழைய மென்பொருள் இயங்கும்போதே, திருத்தம் பதிந்த படத்தை முழு அளவில் தனிக்கோப்பாக ஏற்றுமதி செய்துவிட வேண்டும். எந்த வடிவத்தில் என்பதுதான் கேள்வி. பின்னால் மேலும் திருத்தக்கூடிய தரத்தில் வேண்டுமென்றால் 16 பிட் டிஃப் சிறந்தது. ஆனால் இடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2 கோடியே 40 லட்சம் பிக்சல் கொண்ட ஒரு படத்தில், ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் 2 பைட் என்றால், சுருக்காத ஒரு கோப்பு 144 மெகாபைட் ஆகும். பத்தாயிரம் படங்களுக்கு 1.44 டெராபைட். எல்லாவற்றையும் டிஃப் ஆக்குவது பெரும்பாலோருக்குத் தேவையற்றது. நீங்கள் உண்மையில் பெருமைப்படும் படங்களையும், அச்சிடக்கூடியவற்றையும், மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியும் அழித்தும் சரிசெய்தவற்றையும் டிஃப் ஆக எடுங்கள். மற்றத் திருத்தங்களை உயர் தர ஜேபெக் ஆக எடுத்தால் போதும். சற்றே வெளிச்சம் கூட்டியதோடு நின்ற படங்களை ஏற்றுமதி செய்யவே வேண்டியதில்லை. அவற்றைப் புதிய மென்பொருளில் நொடியில் மறுபடி செய்துகொள்ளலாம்.

ஏற்றுமதிச் சாளரத்தில் மூன்று அமைப்புகளைப் பாருங்கள். நிறவெளி, அதாவது படத்தின் நிற எண்கள் எந்த நிற வரம்பைச் சேர்ந்தவை என்ற விவரத்தைக் கோப்போடு இணைக்கும் தேர்வு இயங்க வேண்டும். அது இல்லாவிட்டால், அகன்ற நிறவெளியில் செய்த படம் வேறு மென்பொருளில் சாயம் வெளுத்ததுபோல் தோன்றும். ஜேபெக் படங்களுக்கு, பெரும்பாலான திரைகளும் உலாவிகளும் எதிர்பார்க்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியே பாதுகாப்பானது. குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்க்கும் தேர்வும் இயங்க வேண்டும். அளவைக் குறைக்கும் தேர்வு அணைந்திருக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றாமல், மூலத்தின் பெயரோடு "திருத்தியது" என்பதுபோல் ஒரு பின்னொட்டு மட்டும் சேர்த்தால், எந்த மென்பொருளிலும் மூலமும் திருத்தமும் அருகருகே நிற்கும்.

அடுக்குகளாகச் செய்யும் வேலை, அதாவது ஃபோட்டோஷாப் போன்றவற்றின் பிஎஸ்டி கோப்பு, தனிக் கவனம் கேட்கிறது. பல மென்பொருள்கள் பிஎஸ்டியைத் திறப்பதாகச் சொல்கின்றன. திறந்ததும் அடுக்குகள் சில இருக்கும், எழுத்துகள் படமாகியிருக்கும், திருத்த அடுக்குகள் சில காணாமற்போயிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடுக்குகளை ஒன்றாக்கிய டிஃப் ஒன்றையும் வையுங்கள். முன்னதை எப்போது திறக்க முடியாமற்போனாலும், பின்னது படம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும்.

மாற்றைத் தேர்ந்தெடுப்பது

இத்தனையும் முடிந்த பிறகுதான் புதிய மென்பொருளைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கையில் படமும் குறிப்பும் திருத்தமும் பத்திரமாக இருந்தால், தேர்வில் பதற்றம் இருக்காது.

உற்பத்தியாளரே தரும் வாரிசு மென்பொருள் இயல்பான தேர்வுபோல் தோன்றும். ஆனால் வாரிசு என்பது பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்ட வேறொரு பொருள். முதற்பதிப்பில் பழைய வசதிகள் பல இருக்காது. அப்பர்ச்சரிலிருந்து ஃபோட்டோஸுக்கு மாறியவர்களின் நட்சத்திர மதிப்பீடுகள் வெறும் குறிச்சொற்களாக மாறின. காரணம், புதியதில் மதிப்பீடு என்ற வசதியே இல்லை. நிக்கான் நிறுவனம் கேப்சர் என்எக்ஸ் 2 மென்பொருளுக்குப் பதிலாக 2014இல் கேப்சர் என்எக்ஸ்-டி என்பதைக் கொடுத்தபோது, படத்தின் ஒரு புள்ளியைத் தொட்டு அந்தப் பகுதியை மட்டும் திருத்தும் வசதி அதில் இல்லை. பலர் பழையதை வாங்கியதே அந்த வசதிக்காகத்தான். அது திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. ஆகவே வாரிசு மென்பொருளை, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஐந்தாறு வசதிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் புதிய வசதிகளின் பட்டியலோடு ஒப்பிட வேண்டாம்.

கைமாறுவதும் உண்டு. படங்களைப் பட்டியலிடும் ஐவியூ மீடியாபுரோ மென்பொருளை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி எக்ஸ்பிரஷன் மீடியா என்று பெயரிட்டது, 2010இல் அது ஃபேஸ் ஒன் நிறுவனத்துக்குச் சென்று மீடியா புரோ ஆனது, 2018இல் நிறுத்தப்பட்டது. பிற திருத்த மென்பொருள்களோடு இணைத்துப் பயன்படுத்தும் கருவிகளின் தொகுப்பான நிக் கலெக்‌ஷனின் கதை நேர்மாறானது: கூகுள் அதை 2012இல் வாங்கி, 2016இல் இலவசமாக்கி, பின்பு வளர்க்காமல் விட்டது, 2017இல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கியபின் அது மீண்டும் விற்பனைக்கு வந்து வளர்ந்துவருகிறது. உங்கள் மென்பொருளை யாரேனும் வாங்கிக் காப்பாற்றுவார்கள் என்று காத்திருப்பதில் தவறில்லை. மேலே சொன்ன வேலைகளை முடித்துவிட்டுக் காத்திருங்கள்.

கட்டற்ற மென்பொருள்களையும் பார்க்கலாம். கிம்ப் 1990களின் நடுப்பகுதியிலிருந்தும், டார்க்டேபிள் 2009இலிருந்தும் தொடர்ந்து வெளிவருகின்றன. ராதெரபியும் டிஜிகேமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் முடிவால் இவை நின்றுவிடுவதில்லை. நிரலை வேறொருவர் எடுத்து நடத்தலாம். ஆனால் பழகுவதற்கு நாள் எடுக்கும். டார்க்டேபிளைத் திறந்த முதல்நாள் திகைக்காதவர் குறைவு.

எதைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே முடிவெடுங்கள். திருத்தங்களையும் குறிப்புகளையும் அது எங்கே எழுதுகிறது? அடுத்தமுறை வெளியேற வேண்டியிருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏற்றுமதி செய்ய முடியுமா? சந்தாவை நிறுத்தினால் எது எஞ்சும்? கடைசிக் கேள்விக்கான விடை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தபின் திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் அடைபடும். ஆனால் படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும்.

ஐம்பது படங்களில் ஒத்திகை

புதியதை நிறுவியதும் மொத்தப் படங்களையும் ஏற்றாதீர்கள். ஐம்பது படங்களை நகலெடுத்து, தனிக் கோப்புறையில் வையுங்கள். உங்களிடமுள்ள ஒவ்வொரு கேமராவின் ரா கோப்பும், செங்குத்துப் படமும், நீண்ட தமிழ் விளக்கம் எழுதிய படமும், முகப்பெயர் உள்ள படமும், தேதியைக் கையால் திருத்திய பழைய ஸ்கேன் படமும் அதில் இருக்கட்டும். அவற்றைப் புதியதில் திறந்து, தேதி வரிசை சரியா, நட்சத்திரம் வந்திருக்கிறதா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய குறிப்புகளில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், பழைய மென்பொருள் அவற்றை யூனிகோடில் எழுதவில்லை என்று பொருள். அப்படங்களின் விளக்கங்களை பழையதிலிருந்து தனி எழுத்துக்கோப்பாக எடுத்துவைக்க வேண்டும்.

ரா கோப்பு திறந்தவுடன் பழையதைவிட மங்கலாகவோ, வேறு நிறத்திலோ தோன்றுவது பழுது அல்ல. ரா கோப்பில் நிறம் முடிவாகியிருப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்குப்படி ஒரு தொடக்கத் தோற்றத்தைக் கொடுக்கிறது. பழைய தோற்றம் வேண்டுமானால், ஏற்றுமதி செய்துவைத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெருங்கலாம்.

ஒத்திகை சரியாக முடிந்தால், ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு எடுக்கும் படங்கள் எல்லாம் புதியதில்; அதற்கு முந்தையவற்றைப் புதியதில் ஏற்றினாலும், தேவைப்படும்போது மட்டும் மறுபடி திருத்துங்கள். பழைய படங்கள் அனைத்தையும் மறுபடி திருத்தப் போகிறேன் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். முழுத் தொகுப்பையும் ஏற்றிய பிறகு, கோப்புறை வாரியாக எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தாத கோப்புறைகளில், நிகழ்படங்களோ மறைவான கோப்புகளோ விடுபட்டிருக்கும் வாய்ப்பே அதிகம்.

பழையதை எதுவரை வைத்திருப்பது

இடம் மாறிய அன்றே பழைய மென்பொருளை அழிக்க வேண்டாம். ஓராண்டு இருக்கட்டும், எதை எடுக்க மறந்தோம் என்பது பயன்படுத்தும்போதுதான் தெரியும். புதிய கேமரா ஒன்றை வாங்கி, அதன் ரா கோப்பைப் பழைய மென்பொருள் திறக்க மறுத்தால், அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி மாற்றியின் வழியாகச் சில காலம் சமாளிக்கலாம். இயங்குதளம் ஏற்காத நிலை வந்தால், பழைய இயங்குதளத்தை ஒரு மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியில்) நிறுவி அதற்குள் இயக்கலாம்; அல்லது பழைய கணினியையே அதற்கென ஒதுக்கலாம். இரண்டிலும் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளில், பிறர் அனுப்பும் படங்களைத் திறப்பது ஆபத்தானது. 2023 செப்டம்பரில், வெப்பி என்ற வடிவத்திலுள்ள படங்களைப் படிக்கும் பொது நிரலில் ஒரு பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அந்த நிரலைப் பயன்படுத்திய உலாவிகளும் மென்பொருள்களும் அவசரமாகத் திருத்தப்பட்டன. நிறுத்தப்பட்ட மென்பொருளுக்கு அத்தகைய திருத்தம் என்றைக்கும் வராது. பழையதில் உங்கள் கேமராவின் கோப்புகளை மட்டும் திறவுங்கள்.

கடைசியாக, படங்களின் முதன்மைக் கோப்புறையில் ஒரு எளிய எழுத்துக்கோப்பை உருவாக்குங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பிலிருந்து எந்த நாளில் மாறினீர்கள், மூலங்கள் எங்கே, திருத்திய படங்களின் பின்னொட்டு என்ன, ஆல்பங்களைக் குறிக்கும் குறிச்சொற்களின் முன்னொட்டு என்ன, நிற அடையாளங்களுக்கு நீங்கள் கொடுத்த பொருள் என்ன, பழைய கேட்டலாக்கின் பிரதி எந்த வன்தட்டில் இருக்கிறது என்பவற்றைப் பத்து வரிகளில் எழுதி, அந்தக் கோப்பையும் காப்புப்பிரதியில் சேர்த்துவிடுங்கள்.